பாதியில் நின்ற விண்ணப்பம்

இணையம் மறதியின் மீது கட்டப்பட்டது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும். எங்கோ இருக்கும் சேர்வர் அதை அனுப்பும். அத்தோடு கணக்கு முடிந்தது. மறுகணமே அதே ஆள் அடுத்த பக்கத்தைக் கேட்டாலும் சேர்வருக்கு அவர் புதியவர்தான். 1990களின் தொடக்கத்தில் சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ வகுத்த எச்டிடிபி நெறிமுறை அவ்வளவு எளிமையானது. ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் படிக்க அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அந்த மறதியால் கிடைத்த நன்மையும் பெரிது. யாரையும் நினைவில் வைத்திராத சேர்வர் பல்லாயிரம் பேருக்குச் சளைக்காமல் பதில் சொல்லும். நின்றுபோய்த் திரும்ப இயங்கினாலும் எவருக்கும் எதுவும் கெடாது. ஒன்று பழுதானால் அதன் இடத்தில் இன்னொன்றை வைத்துவிடலாம். 2000ஆம் ஆண்டில் ரோய் ஃபீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதை ஒரு கோட்பாடாகவே உயர்த்தினார்: ஒவ்வொரு வேண்டுகோளும், தன்னை விளங்கிக்கொள்ளத் தேவையான எல்லாவற்றையும் தானே சுமந்து வரவேண்டும். படிக்க வந்தவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. குறை தெரிவது விண்ணப்பிக்க வந்தவருக்குத்தான். முதற் பக்கத்தில் பெயர், இரண்டாம் பக்கத்தில் முகவரி, மூன்றாம் பக்கத்தில் பெற்றோர் விபரம் என்று நீளும் படிவத்தில், மூன்றாம் பக்கம் வந்து சேரும்போது முதற் பக்கத்தை யார் நினைவில் வைத்திருப்பது?

இந்தக் கேள்விக்கு இணையம் கண்ட விடை, இலங்கையில் அரச கடிதம் ஒன்றைக் கையில் எடுத்த எவருக்கும் பழக்கமானதுதான். கடிதத் தலைப்பில் ‘எனது இல.’, ‘உமது இல.’ என்று இரண்டு வரிகள் இருக்கும். கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் உத்தியோகத்தர் முந்திய கடிதத்தை எழுதியவராக இருக்கவேண்டியதில்லை; அவர் மாற்றலாகிப் போயிருக்கலாம். இலக்கத்தைப் பார்த்து அதற்குரிய கோவையை எடுத்தால் போதும், பழைய வரலாறு முழுவதும் கைக்கு வந்துவிடும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கிய குக்கி இந்த இலக்கத்தின் வேலையைத்தான் செய்கிறது. சேர்வர் ஒரு சிறு துண்டுத் தகவலைக் கொடுக்கும். உலாவி அதை வைத்திருந்து, அதே தளத்துக்குப் போகும் ஒவ்வொரு வேண்டுகோளோடும் திருப்பி அனுப்பும். ஆனால் அது பிறந்த காரணம் வேறு. நெட்ஸ்கேப்பிடம் வணிகச் செயலி கேட்ட எம்சிஐ நிறுவனம், பாதியில் நிற்கும் கொள்வனவுகளைத் தன் சேர்வர்கள் சுமக்கக்கூடாது என்று விரும்பியது. ஆகவே முதல் எண்ணம், நினைவு வாங்குபவரின் பக்கத்திலேயே தங்கட்டும் என்பது. பின்னர் நடந்தது அதற்கு நேரெதிர். குக்கியில் ஓர் இலக்கம் மட்டும் போனது. கோவை முழுவதும் சேர்வருக்குத் திரும்பியது.

திரும்பியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. குக்கி மிகச் சிறியது. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6265 ஆவணப்படி, உலாவிகள் ஒரு குக்கிக்குக் குறைந்தது 4096 பைட் இடம் தந்தால் போதும். தமிழுக்கு அது இன்னும் குறுகல். ‘நெடுந்தீவு’ என்ற சொல் யூனிகோடில் பத்துக் குறியீடுகள், யூடிஎஃப் எட்டு முறையில் 30 பைட். குக்கிக்குள் வைப்பதற்காக வழக்கமான விழுக்காட்டுக் குறியேற்றத்தைச் செய்தால் 90 பைட். தீவின் பெயரை 45 முறை எழுதினால் குக்கி நிரம்பிவிடும். அடுத்த காரணம் நம்பிக்கை. பயனர் கையில் இருப்பதைப் பயனர் மாற்றலாம். 1990களின் இறுதியில் சில இணையக் கடைகள் பொருளின் விலையைப் படிவத்தின் மறைபுலத்தில் வைத்திருந்தன. விலையைத் திருத்தி அனுப்பியவர்களுக்குப் பொருள் அந்த விலைக்கே போனது. ஆகவே சேர்வர் நினைவை வைத்துக்கொள்வது, பயனரிடம் ஊகிக்கமுடியாத நீண்ட இலக்கத்தை மட்டும் கொடுப்பது என்ற வழக்கம் நிலைத்தது. இதற்கு அமர்வு என்று பெயர். அமர்வுக்கு ஆயுள் உண்டு. பிஎச்பி மொழியின் இயல்பமைப்பில் அது 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். ஏஎஸ்பி டொட் நெட்டில் 20 நிமிடம். ஜாவா உலகில் பரவலாக உள்ள டொம்கற்றில் 30 நிமிடம். செயலி எழுதுபவர்கள் பலரும் இந்த எண்களைத் தொடுவதே இல்லை.

என் வாதம் இதுதான்: அமர்வு என்ற ஒரே பெட்டிக்குள் இரண்டு வெவ்வேறு நினைவுகளைப் போட்டு, இரண்டுக்கும் ஒரே ஆயுளைக் கொடுத்தோம், அது பிழை. ஒன்று, ஆள் யார் என்ற நினைவு. மற்றது, அந்த ஆள் செய்துகொண்டிருக்கும் வேலை எந்த அளவில் நிற்கிறது என்ற நினைவு. முதலாவது குறுகிய காலத்தில் அழியவேண்டியது, அழியாவிட்டால் ஆபத்து. இரண்டாவது, வேலை முடியும்வரை அழியவே கூடாதது. ஆளை மறக்கும் கணத்திலேயே அவருடைய உழைப்பையும் எறிந்துவிடும் செயலி, தொழில்நுட்பக் கட்டாயத்தால் அப்படிச் செய்யவில்லை. யாரும் பிரித்துப் பார்க்காததால் செய்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க யாழ்ப்பாணத்துத் தீவகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. ஊர்காவற்துறைக்கும் வேலணைக்கும் பண்ணைத் தாம்போதியால் வாகனத்தில் போய்விடலாம். நெடுந்தீவுக்கு அப்படியில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் போகவேண்டும். நயினாதீவுக்கும் அதே துறைதான், கடல் மட்டும் குறைவு. சோளகம் பலத்தால், அல்லது வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால், படகுச் சேவை தடைப்படும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பிரதான மின்வலையோடு இணைக்கப்படாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி இருந்தவை. இந்திய நன்கொடையில் அங்கே கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது: 1700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்றாலை, 2400 கிலோவாற் மணி மின்கலம், அத்தனைக்கும் பின்னால் 2500 கிலோவாற் டீசல் காப்பு.

இப்படிப்பட்ட இடத்தில் ஓர் இணையப் படிவத்தின் பெறுமதியை நகரத்து அளவுகோலால் அளக்கமுடியாது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் இணையத்துக்கு வந்துவிட்டது. 2023இல் கடவுச்சீட்டுக்கு இணையவழியில் விண்ணப்பித்து, கைரேகையைக் குறித்த சில பிரதேச செயலகங்களில் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. கொழும்பில் இருப்பவருக்கு இது ஒரு வரிசையை மிச்சப்படுத்துகிறது. நெடுந்தீவில் இருப்பவருக்கு ஒரு படகையும், ஒரு பேருந்தையும், ஒரு நாள் கூலியையும் மிச்சப்படுத்துகிறது. அதே படிவம் பாதியில் தொலைந்தால் நட்டமும் அந்த அளவுக்கு. இணையவழிச் சேவை யாருக்கு மிகவும் உதவவேண்டுமோ, அவர்களிடத்தில்தான் அது உடைவதற்கான சந்தர்ப்பமும் மிக அதிகம். இதை ஓரத்து மக்களின் சிறு குறை என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. சேவை எதற்காக ஏற்பட்டதோ அந்த நோக்கமே இங்கேதான் தோற்கிறது.

உடைவு எங்கே நிகழ்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். அமர்வின் கடிகாரம் அளப்பது, சேர்வரின் காதில் விழும் சத்தத்தை மட்டுமே. நீண்ட படிவம் ஒன்றில் 25 நிமிடம் ஓயாமல் தட்டச்சுச் செய்பவர், அந்த நேரம் முழுவதும் சேர்வருக்கு ஒரு வேண்டுகோளும் அனுப்புவதில்லை. சேர்வரின் கணக்கில் அவர் எழுந்து போய்விட்டவர். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கப் போனவரும், எழுத்துக்கூட்டி மெதுவாக நிரப்பும் முதியவரும், கணினியைத் திறந்தபடி விட்டுப்போனவரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். அடுத்த உடைவு போனுக்குள்ளேயே நடக்கும். அடையாள அட்டையைப் படமெடுத்து இணைக்கச் சொல்கிறது படிவம். கமரா திறக்கிறது. நினைவகம் குறைந்த மலிவான போன், கமராவுக்கு இடம் கொடுக்கப் பின்னணியில் இருந்த உலாவிப் பக்கத்தை அகற்றிவிடும். திரும்பி வரும்போது பக்கம் புதிதாக ஏற்றப்படுகிறது, எழுதியதெல்லாம் வெறுமை. இதில் சேர்வருக்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது, முகவரி மாற்றம். வைஃபையிலிருந்து மொபைல் வலைக்கு மாறும்போது போனின் ஐபி முகவரி மாறும். பாதுகாப்புக் கருதி அமர்வை ஐபி முகவரியோடு கட்டிவைத்த செயலிகள், அந்த நேர்மையான பயனரைத் திருடன் என்று எண்ணி வெளியே தள்ளிவிடும். சேர்வரின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் அமர்வை வைத்திருக்கும் செயலி, மறுதொடக்கத்தோடு எல்லோருடைய நினைவையும் இழக்கும். விண்டோஸ் சேர்வர்களின் ஐஐஎஸ் மென்பொருள் இயல்பமைப்பில் 29 மணிநேரத்துக்கு ஒருமுறை தன் செயன்முறையைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அந்த வேளையில் படிவத்தின் நடுவில் இருப்பவர் தான் செய்த பிழை என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

வழி புதிதல்ல. வேலையை அமர்விலிருந்து பிரித்து, அதற்கென ஒரு வரைவு இலக்கம் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்தை நிரப்பி முடித்ததும் அது முதலில் போனிலேயே சேமிக்கப்படவேண்டும். உலாவிகளில் உள்ள லோக்கல் ஸ்டோரேஜ் ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட் தருகிறது. எழுத்தாலான எந்த விண்ணப்பத்துக்கும் அது ஏராளம். படங்களுக்கு உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளம் உண்டு. பக்கத்தை மூடும்போது சேமித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக்கூடாது. போன்களில் அந்த அறிவிப்பு வந்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை. பிறகு, சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் அதே வரைவு சேர்வரின் தரவுத்தளத்துக்கும் போகவேண்டும். அது நிலையான சேமிப்பு; மறுதொடக்கம் அதைத் தொடாது. விலை, தகுதி, கட்டணம் போன்றவற்றைச் சேர்வர் தானே கணித்துக்கொள்ளும். போனிலிருந்து வருவதை இறுதியில் ஒருமுறை சரிபார்க்கும். ஆகவே மறைபுல விலைத் திருத்தம் போன்ற பழைய தந்திரங்கள் இங்கே செல்லாது. இது தனிமனித விருப்பமும் அல்ல. இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டி 2008இலேயே, அமர்வு காலாவதியானால் பயனர் மீண்டும் உள்நுழைந்து தரவிழப்பின்றித் தொடரக்கூடியதாக இருக்கவேண்டும் என்று எழுதியது. 2018இன் பதிப்பு, தரவு 20 மணிநேரத்துக்கு மேல் பாதுகாக்கப்படாவிட்டால், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் இழப்பு வரும் என்பதைப் பயனருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும் என்றது. இரண்டும் அந்த வழிகாட்டியின் மிக உயர்ந்த படித்தரத்தில் வைக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் அவற்றைக் கட்டாயமாகக் கொள்வதில்லை. கீழ்ப்படிக்கு இறங்கவேண்டிய விதிகள் அவை என்பது என் எண்ணம்.

பாதுகாப்புத் துறையினரின் மறுப்பு வலுவானது. குறுகிய அமர்வு சும்மா வரவில்லை. 2010இல் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற சிறு நிரல், திறந்த வைஃபையில் அருகில் இருப்பவரின் குக்கியை எடுத்து அவராகவே நுழைவது எவ்வளவு எளிது என்று காட்டியது. போக்குவரத்து முழுவதையும் மறைகுறியாக்க வேண்டும் என்ற அவசரத்தை அது பெருந்தளங்களுக்கு உணர்த்தியது. தீவகத்திலோ ஒரு குடும்பத்துக்கு ஒரு போன் இருக்கலாம். தொலைத்தொடர்பு நிலையக் கணினியில் பத்துப் பேர் மாறிமாறி இருப்பார்கள். வரைவு அங்கே கிடந்தால் அடுத்தவர் பார்ப்பாரே என்பது நியாயமான அச்சம். ஆனால் இந்த மறுப்பு நான் சொல்லும் பிரிவினைக்குத்தான் வலுச்சேர்க்கிறது. ஆளின் அமர்வை 15 நிமிடத்திலும் முடிக்கலாம். வரைவு சேர்வரில் பூட்டப்பட்டிருக்கும், மீண்டும் உள்நுழைபவருக்கு மட்டும் திறக்கும். ‘இது பலர் பாவிக்கும் கணினி’ என்று பயனர் குறித்தால் உள்ளூர்ச் சேமிப்பை முற்றாகத் தவிர்க்கலாம். எல்லா வேலைக்கும் ஒரே கண்டிப்பு வேண்டியதும் இல்லை. 2017இல் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனம் வெளியிட்ட அடையாள வழிகாட்டியில், மிகக் குறைந்த ஆபத்துள்ள நிலைக்கு 30 நாளுக்கு ஒருமுறை அடையாளத்தை மறுபடி உறுதிசெய்தால் போதும் என்றிருந்தது. மிக உயர்ந்த நிலைக்கே 15 நிமிடச் செயலின்மை எல்லை இருந்தது. வங்கியில் பணம் மாற்றுவதற்கு உரிய கடிகாரத்தை விண்ணப்பப் படிவத்துக்கு மாட்டவேண்டியதில்லை.

இதற்கு எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும்: போனில் வைத்தால் போதும், சேர்வரில் எதற்கு? போனின் நினைவும் நிலையானதல்ல. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 முதல், பயனர் ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தியும் ஒரு தளத்தைத் தொடாவிட்டால் அந்தத் தளத்தின் நிரல்கள் எழுதிவைத்ததை அழித்துவிடுகிறது. விளம்பரக்காரர் பின்தொடர்வதைத் தடுக்க எடுத்த நல்ல நடவடிக்கை அது. ஆனால் வரைவையும் உளவையும் அதனால் பிரித்தறிய முடியாது. போன் கடலில் விழலாம், விற்கப்படலாம். இரண்டு இடத்திலும் வைப்பதால் வரும் சிக்கல் ஒன்றே: மகள் போனில் திருத்தியதும் தகப்பன் கணினியில் திருத்தியதும் முரண்படலாம். கடைசியாக வந்தது முந்தியதை ஓசையின்றி அழிக்க விடாமல், இரண்டையும் காட்டிக் கேட்பதே சரி. அதற்குக் கூடுதல் நிரல் வேண்டும் என்பது உண்மை. அந்தச் செலவு ஒருமுறை எழுதுபவருடையது. அதைத் தவிர்த்தால் வரும் செலவு ஒவ்வொரு விண்ணப்பதாரருடையது.

இணைப்பு சிறந்துவிட்டால் இந்தக் கவலை தானே ஒழியும் என்பவர்களுக்கு விரிவாகப் பதில் சொல்லத் தேவையில்லை. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. 2021இல் தரநிலையான குயிக் நெறிமுறை, ஐபி முகவரி மாறினாலும் இணைப்பை அதன் இலக்கத்தைக் கொண்டு அடையாளம் கண்டு தொடர்கிறது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் கமரா திறந்ததும் அகற்றப்பட்ட பக்கத்தையோ, சான்றிதழ் தேடப் போனவரின் 25 நிமிடத்தையோ செய்மதி மீட்டுத் தராது.

இணைப்பு எவ்வளவு சிறந்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அது கணிதத்தில் வேரூன்றியது. ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்திய கணத்தில் சிக்னல் போகிறது. விண்ணப்பம் போய்ச் சேரவில்லையா, அல்லது சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? போனால் அறியமுடியாது. 1975இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹியூபர் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வில் இடம்பெற்று, 1978இல் ஜிம் கிரே ‘இரண்டு தளபதிகள்’ என்று பெயரிட்ட சிக்கலின் உட்பொருள் இதுவே: செய்தி தொலையக்கூடிய வழியில் எத்தனை உறுதிப்படுத்தல்களை அனுப்பினாலும், இரு பக்கமும் ஒரே முடிவில் நிற்கிறோம் என்ற முழு நிச்சயம் கிடைக்காது. கடைசிச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற ஐயம் எப்போதும் எஞ்சும். நிச்சயம் கிடைக்காது என்று ஏற்றுக்கொண்டபின் செய்யக்கூடியது, திரும்பத் திரும்ப அனுப்புவதைக் கேடற்றதாக்குவது. இங்கே வரைவு இலக்கம் இரண்டாம் முறை பயன்தருகிறது. அதே இலக்கத்தோடு விண்ணப்பம் இரண்டாம் முறை வந்தால், சேர்வர் புதிய பதிவு எதையும் உருவாக்காமல், முதல் தடவைக்குரிய பற்றுச்சீட்டையே மறுபடி அனுப்பும். போன் தானாகவே, பதில் வரும்வரை, பயமின்றி முயலலாம். இரட்டைக் கட்டணம் இல்லை, இரட்டைப் பதிவு இல்லை, ‘தயவுசெய்து பொத்தானை ஒருமுறை மட்டும் அழுத்தவும்’ என்ற சிவப்பு எழுத்தும் தேவையில்லை.

வரைவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது எஞ்சும் கேள்வி. என்றைக்கும் வைத்திருப்பது விடையல்ல. பாதி நிரப்பிய படிவத்திலும் அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம், வருமானம் எல்லாம் இருக்கும். ஒருபோதும் சமர்ப்பிக்காத ஒருவர், தன்னைப் பற்றிய அந்தத் தகவலை ஒப்படைக்க இணங்கியவரும் அல்லர். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் தரவை வைத்திருப்பதற்கு எல்லை விதிக்கிறது. ஆகவே வரைவின் ஆயுளைத் தீர்மானிக்கவேண்டியது மென்பொருளின் இயல்பமைப்பு எண் அல்ல, அந்த வேலையின் இறுதித் திகதி. பல்கலைக்கழக விண்ணப்பமானால் விண்ணப்பம் மூடும் நாள். நிவாரண மேன்முறையீடானால் மேன்முறையீட்டுக் காலம். குறுஞ்செய்தியில் முன்னறிவித்தல் கொடுத்து, படகு ஓடாத நாட்களையும் கணக்கிற் கொண்டு சில நாள் தவணை விட்டு, அதன்பின் சேர்வரிலும் போனிலும் சேர்ந்தே அழிக்கவேண்டும்.